கூலியையும் எண்ணுங்கள், தொழிலையும் எண்ணுங்கள்



படிப்பை முடித்துவிட்டு ஊரிலிருந்து பெங்களூருக்கும் புனேவுக்கும் ஐதராபாத்துக்கும் வந்து சேரும் நம் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு போதகரைத் தேடி வருகிறார்கள். "பாஸ்டர், இரண்டு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றில் சம்பளம் அதிகம். மற்றொன்றில் சம்பளம் குறைவு, ஆனால் வேலை நன்றாகக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். எதை எடுப்பது? ஜெபித்துச் சொல்லுங்கள்" என்பதே அந்தக் கேள்வி.

ஜெபிப்பது நம் கடமை. ஆனால், எண்ணிப் பார்க்கவேண்டியதை எண்ணாமல் அந்தப் பாரத்தையும் ஜெபத்தின்மேல் போட்டுவிடுவது சரியல்ல. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலாவது உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்ற உவமையை நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். லூக்கா 14-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. ஆகவே இம்மாதம் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என்னோடு உட்காரும்படி வாலிபரையும் அவர்களுடைய பெற்றோரையும் அன்பாய் அழைக்கிறேன்.

காகிதத்தில் உள்ள சம்பளமும் கையில் வரும் சம்பளமும்

உதாரணத்திற்காக ஒரு தம்பியை எண்ணிக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்திருக்கிறான். முதலாவது நிறுவனம் பெரியது. ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்கிறது. இரண்டாவது நிறுவனம் முப்பது பேர்கூட இல்லாத சிறிய மென்பொருள் நிறுவனம். 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்கிறது. மாதத்திற்கு 15,000 ரூபாய் வித்தியாசம். வீட்டில் உள்ளவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் 6 லட்சம் என்பது சி.டி.சி. எனப்படும் தொகை. அதாவது அந்தப் பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடும் மொத்தம். அது முழுவதும் சம்பளமாகக் கைக்கு வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி, அதாவது ஆண்டுக்கு 3 லட்சம், என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு அதில் 12 விழுக்காடு, 36,000 ரூபாய். பணிக்கொடைக்கென்று 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 14,400 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு 10,000 ரூபாய். ஆண்டு முடிவில் வேலையின் தரத்தைப் பார்த்துத் தரப்படும் மாறுபடும் ஊதியம் 60,000 ரூபாய். வேலையில் சேரும்போது ஒருமுறை மட்டும் தரப்படும் போனஸ் 30,000 ரூபாய். இவையெல்லாம் 1,50,400 ரூபாய் ஆகிறது. மீதியுள்ள 4,49,600 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 37,466. அதிலிருந்து பணியாளர் தம் பங்காகச் செலுத்தும் வைப்புநிதி 3,000 ரூபாயும் தொழில்வரி 200 ரூபாயும் கழிந்தால், கையில் வருவது சுமார் 34,200 ரூபாய்.

இரண்டாவது நிறுவனத்தில் மாறுபடும் ஊதியமும் இல்லை, சேரும்போது போனஸும் இல்லை, காப்பீடும் இல்லை. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். வைப்புநிதிக்கு 25,200, பணிக்கொடைக்கு ஏறத்தாழ 10,100 ரூபாய் போக, மாதம் 32,058. பணியாளரின் பங்கையும் தொழில்வரியையும் கழித்தால் கையில் வருவது சுமார் 29,700 ரூபாய். காகிதத்தில் 15,000 ஆக இருந்த வித்தியாசம் கையில் 4,500 ஆகிவிட்டது!

இதனால் முதல் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று எண்ணவேண்டாம். வைப்புநிதி அந்தத் தம்பியின் சொந்தச் சேமிப்பே. மாறுபடும் ஊதியம் முழுவதும் வந்தால் அதுவும் லாபமே. காப்பீடு பெரிய பாதுகாப்பு. ஆனால் மாதந்தோறும் வாடகை கொடுக்கவும் ஊருக்கு அனுப்பவும் கைகொடுப்பது கையில் வரும் பணம் மட்டுமே. பணிக்கொடையைப் பொறுத்தவரை, நிரந்தரப் பணியாளர் ஐந்தாண்டுகள் ஒரே இடத்தில் வேலைசெய்தால்தான் அது கிடைக்கும். முதல் வேலையில் ஐந்தாண்டுகள் தங்குகிற வாலிபர் எத்தனைபேர்? வருமானவரியைக் குறித்து இந்த அளவுச் சம்பளத்தில் கலங்கவேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை உள்ள சம்பளக்காரருக்கு வரி கட்டவேண்டிய நிலை இல்லை.

ஆகவே முதல் ஆலோசனை இது: எந்த நிறுவனமானாலும், "மாதந்தோறும் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும்? மாறுபடும் ஊதியம் எவ்வளவு? அது எப்போது, எதைப் பார்த்துத் தரப்படும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணியாளருக்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

எவ்வளவுக்குக் கீழே இறங்கக்கூடாது?

அடுத்ததாக, குடும்பத்தின் தேவையை எழுதுங்கள். நம் தம்பிக்கு பி.ஜி. விடுதியில் தங்கவும் உண்ணவும் 10,000 ரூபாய். பேருந்துக்கும் கைப்பேசிக்கும் சில்லறைச் செலவுக்கும் 3,000 ரூபாய். கல்விக்கடன் 4 லட்சம், 10.5 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 6,700 ரூபாய். ஊரில் தாய் தகப்பனுக்கு 5,000 ரூபாய். தசமபாகத்திற்கும் காணிக்கைக்கும் 3,000 ரூபாய். ஆக மொத்தம் 27,700 ரூபாய்.

இந்தத் தொகைக்குக் கீழே எந்த நிறுவனம் எவ்வளவு அருமையான அனுபவத்தை வாக்களித்தாலும் அந்தத் தம்பி போகக்கூடாது. ஏனெனில் மாதந்தோறும் கடன் வாங்கி உயிர்வாழ்கிறவன் நிம்மதியாய் எதையும் கற்றுக்கொள்ளமாட்டான். பொதுவாகக் கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். "இன்னும் தவணை வரவில்லையே" என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பின்னால் வரும் துன்பத்திற்கு வித்து.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். தகப்பனார் வியாதியாய் இருக்கிறார், வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், தங்கையின் படிப்புக் கட்டணம் கட்டவேண்டும் என்ற நிலையில் ஒரு பிள்ளை அதிகச் சம்பளத்தைத் தெரிந்துகொண்டால், அவனை உலகப் பொருளாசை உள்ளவன் என்று யாரும் பேசவேண்டாம். தன் வீட்டாரை விசாரிப்பதும் தேவனுக்கு முன்பாக ஒரு ஊழியமே. அப்படிப்பட்ட பிள்ளை முதல் நிறுவனத்திற்கே போகட்டும், மனச்சுமையின்றிப் போகட்டும்.

நம் உதாரணத்தில் உள்ள தம்பிக்கோ இரண்டு நிறுவனங்களும் 27,700 ரூபாய்க்கு மேலே இருக்கின்றன. இரண்டாவது இடத்தில் மீதி 2,000 ரூபாய்தான். அதிலும் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். நெருக்கம்தான், ஆனாலும் நடத்த முடியும். அனுபவத்தைப் பற்றிப் பேச இப்போதுதான் இடம் உண்டாகிறது.

அனுபவம் என்றால் எது?

அனுபவம் என்ற சொல்லை வேலைக்கு எடுக்கிறவர்கள் தாராளமாய்ப் பேசுகிறார்கள். சம்பளம் குறைவாய் இருக்கும் இடத்தில் அந்தச் சொல் இன்னும் அதிகமாய்க் கேட்கும். ஆகவே அதையும் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

பெரிய நிறுவனங்களில் புதிதாய்ச் சேருகிறவர்கள் பயிற்சிக்குப்பின் ஏதாவது ஒரு திட்டத்தில் அமர்த்தப்படுவார்கள். திட்டம் கிடைக்கும்வரை காத்திருப்பதை பெஞ்ச் என்கிறார்கள். கிடைப்பது புதிய நிரல் எழுதும் வேலையாயும் இருக்கலாம்; இரவுப் பணியில் அமர்ந்து, பழைய அமைப்பு ஒன்றில் வரும் புகார்களைப் பதிவுசெய்து வேறொருவருக்கு அனுப்பும் வேலையாயும் இருக்கலாம். பின்னதில் ஓராண்டில் கற்பதை மூன்று மாதத்தில் கற்றுவிடலாம். மீதி நாட்கள் அதையே திரும்பச் செய்வதுதான். மூன்று ஆண்டுகள் கழித்து வேறிடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, "நீங்களே கட்டியது என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இராது. சிறிய நிறுவனத்தில் ஆள் குறைவு என்பதால் எல்லாக் காரியத்திலும் கைவைக்க நேரிடும். வாடிக்கையாளரோடும் பேசவேண்டி வரும். ஆனால் சிறிய நிறுவனம் எல்லாம் நல்ல பள்ளிக்கூடம் அல்ல. கற்றுக்கொடுக்க மூத்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில், புதியவன் தவற்றையே பழகிக்கொள்வான். சம்பளத்தைப் பிந்திக் கொடுக்கும் இடங்களும் உண்டு.

ஆகவே இரண்டு இடத்திலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: முதல் ஆறு மாதம் என் வேலை என்னவாக இருக்கும்? நான் எழுதும் நிரலை யார் பார்த்துத் திருத்துவார்கள்? அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்? கடந்த ஆண்டு என்னைப்போல் சேர்ந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? வேலை நேரம் எது, ஞாயிற்றுக்கிழமையும் இரவும் வரவேண்டியிருக்குமா? கூடுமானால் அங்கே வேலைசெய்கிற ஒருவரைத் தேடிப் பேசுங்கள். தெளிவான பதில் வரும் இடத்தில் அனுபவம் உண்டு. "வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வரும் இடத்தில் அது வெறும் சொல்தான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எளிய நிரல்களை எழுதித்தரும் கருவிகள் எங்கும் பரவிவிட்டன. புதியவர்களிடம் முன்பு கொடுக்கப்பட்ட சிறிய வேலைகளில் பலவற்றை அக்கருவிகள் செய்கின்றன. ஆகவே சொன்னதைச் செய்கிறவனைக் காட்டிலும், ஒரு பிரச்சினையை விளங்கிக்கொண்டு சரி எது, தவறு எது என்று நிதானிக்கத் தெரிந்தவனுக்கே மதிப்பு. அந்த நிதானம் நல்ல மூத்தவர் அருகில் இருந்து வேலை செய்வதால் வருவது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் நாட்டில் அடுத்த வேலைக்குப் போகும்போது, "இப்போது என்ன வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு, அதன்மேல் இத்தனை விழுக்காடு என்று கூட்டித் தருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மிகக் குறைவான சம்பளத்தில் தொடங்கினால் அந்தக் குறைவு சில ஆண்டுகள் பின்தொடரும். ஆகவே அனுபவத்தின் பெயரால் பாதிச் சம்பளத்திற்குச் சம்மதிப்பது ஞானமல்ல. சிறிய வித்தியாசத்தை அனுபவத்திற்காக விட்டுக்கொடுக்கலாம். பெரிய வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க மிக உறுதியான காரணம் வேண்டும்.

கையெழுத்திடுமுன் பாண்டைப் படியுங்கள்

யாக்கோபு லாபானிடத்தில் வேலைசெய்த சரித்திரத்தை நாம் அறிவோம். தன் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான் என்று யாக்கோபு மனம் வெதும்பிச் சொல்வதை ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சொந்தத் தாய்மாமனிடமே அப்படியானால், முன்பின் தெரியாத நிறுவனத்தின் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவது எப்படி?

பல நிறுவனங்கள் புதியவர்களிடம், "இரண்டு ஆண்டுக்குள் விலகினால் இத்தனை ரூபாய் கட்டவேண்டும்" என்று பாண்ட் எழுதி வாங்குகின்றன. "அது கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கண்ணைமூடிக் கையெழுத்துப் போடவேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி மூன்று ஆண்டு முடியுமுன் விலகி, ஒப்பந்தப்படி 2 லட்சம் ரூபாய் கட்டநேர்ந்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர்நீதிமன்றத்தில் அவர் வென்றார். ஆனால் 2025 மே 14 அன்று உச்சநீதிமன்றம், அந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எல்லாப் பாண்டும் அப்படியே செல்லும் என்பது இதன் பொருளல்ல. தொகை நியாயமானதா, பயிற்சிக்கு உண்மையில் செலவானதா என்பன வழக்குக்கு வழக்கு பார்க்கப்படும். ஆனால் முதல் சம்பளக்காரனுக்கு வழக்கு நடத்த நேரம் ஏது, பணம் ஏது?

பாண்ட் என்பது பணக் கணக்கு மாத்திரம் அல்ல. கிடைத்த வேலையில் கற்க ஒன்றுமில்லை என்று ஆறு மாதத்தில் தெரிந்தாலும், அது உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் பெரிய நிறுவனம் 2 லட்சம் ரூபாய்க்கு இரண்டாண்டுப் பாண்ட் கேட்கிறது, சிறிய நிறுவனம் கேட்கவில்லை என்றால், மாதம் 4,500 ரூபாய் வித்தியாசத்தை அதோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். எந்த நிறுவனம் கேட்டாலும் மூலச் சான்றிதழ்களைக் காண்பியுங்கள், நகல் கொடுங்கள். மூலத்தை ஒப்படைத்துவிட்டு வராதிருங்கள். வேலை தருவதற்கு உங்களிடமே வைப்புத்தொகை கேட்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய பெயர் என்பதாலேயே எல்லாம் உறுதி என்றும் எண்ணவேண்டாம். 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், 6.5 லட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்திற்குச் சம்மதமா என்று கேட்டது. இன்போசிஸ் 2022-இல் தெரிந்தெடுத்த பட்டதாரிகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலையில் சேர இரண்டாண்டுகள்போல் காத்திருந்தார்கள். அதே நிறுவனம் 2025 பிப்ரவரியில், உள்பயிற்சித் தேர்வில் மூன்றுமுறையும் தேறாத முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பிவிட்டது. ஆகவே சேரும் தேதி எழுத்தில் இருக்கிறதா, பயிற்சித் தேர்வில் தவறினால் என்னவாகும் என்பதைப் பாருங்கள். தேதியில்லாத பெரிய கடிதத்தை நம்பி, தேதியுள்ள சிறிய வேலையைக் கைவிடாதிருங்கள்.

விலைக்கு வாங்கும் அனுபவம்

சில நகரங்களில் பணம் கொடுத்தால் இரண்டு மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தயாரித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று நம் பிள்ளைகளையும் இழுக்கிறார்கள். வைப்புநிதியின் யூ.ஏ.என். எண் எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் செலுத்தியது என்பதைக் காட்டிவிடும். பின்னணிச் சோதனையில் அகப்பட்டால் கிடைத்த வேலையும் போய், பெயரும் போகும். அகப்படாவிட்டாலும் அது பொய்தான். செய்யாத வேலையைச் செய்தேன் என்று சொல்லி உட்கார்ந்த நாற்காலியில் நாள்தோறும் பயத்தோடுதான் உட்காரவேண்டும். குறைந்த சம்பளத்தில் உண்மையாய் ஈட்டிய ஓராண்டு அனுபவம் அதைவிட ஆயிரம் மடங்கு மேலானது.

பெற்றோருக்கும் சபையாருக்கும்

ஊரில் இருக்கும் பெற்றோரே, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை லட்சம் பேக்கேஜாம்" என்ற ஒரு வாக்கியம் உங்கள் பிள்ளையை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அறிவீர்களா? அந்த இத்தனை லட்சத்தில் கையில் வருவது எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம். உங்கள் பிள்ளை குறைந்த தொகையைத் தெரிந்துகொண்டால், ஏன் என்று பொறுமையாய்க் கேளுங்கள். கடன் எவ்வளவு, நகை எங்கே அடகில் இருக்கிறது என்பதை நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மை நிலவரம் தெரியாத பிள்ளையால் சரியாய்த் தீர்மானிக்க இயலாது.

சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். வேலை கிடைத்ததைச் சாட்சியாய்ச் சொல்லும்போது கர்த்தரை மகிமைப்படுத்துங்கள், தொகையைச் சொல்லவேண்டாம். அடுத்த வரிசையில் எட்டு மாதமாய் வேலை தேடுகிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். குறைந்த சம்பளத்தில் உண்மையாய் உழைக்கிற ஒரு பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். நம் கைத்தட்டல் தொகையைப் பொறுத்து ஏறி இறங்குமானால், அவர்கள் மனது என்னவாகும்?

அருமை வாலிபரே, சம்பளமா அனுபவமா என்று ஒரே மூச்சில் கேட்டால் பதில் கிடைக்காது. முதலாவது குடும்பத்தின் தேவையை எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுங்கள். இரண்டாவது, கையில் வருவதை வைத்து ஒப்பிடுங்கள். மூன்றாவது, இரண்டாண்டு முடிவில் "இதை நான் செய்தேன்" என்று எந்த இடத்தில் அதிகமாய்ச் சொல்ல முடியும் என்று பாருங்கள். நான்காவது, விலக நேர்ந்தால் வாசல் திறந்திருக்குமா என்று பாருங்கள். இவ்வளவும் பார்த்தபின் நம் உதாரணத்துத் தம்பி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிறிய நிறுவனத்தில் தெளிவான பதில் கிடைத்திருந்தால், மாதம் 4,500 ரூபாயை விட்டுக்கொடுத்து அங்கே போகலாம் என்பது என் ஆலோசனை. அவன் தேவை 30,000 ரூபாயாய் இருந்திருந்தால் என் ஆலோசனை வேறாய் இருந்திருக்கும்.

அந்தத் தாளை முழங்காலுக்கு முன்பாக விரித்துவைத்து ஜெபியுங்கள். தீர்மானித்தபின் திரும்பத் திரும்பக் கலங்காமல், கிடைத்த வேலையை மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.